தூணுக்கு முன்னால் திண்ணையை யோசியுங்கள்

கேள்வி: கோட்டையூரில் 40-க்கு 60 அடியில் மனை வைத்திருக்கிறோம். கிழக்கே தெரு. நான், கணவர், 72 வயது மாமியார், பத்தாவதும் ஐந்தாவதும் படிக்கும் பிள்ளைகள் என ஐந்து பேர். இப்போது வாடகை வீடு. பூர்வீக வீட்டைப் பிரித்தபோது எங்கள் பங்குக்கு நான்கு தேக்குத் தூண்கள் வந்தன. அவற்றை வைத்துச் செட்டிநாட்டு முறையில் கட்ட ஆசை. இன்ஜினியர் போட்ட பிளானில் தூண் வைத்த போர்ட்டிகோ, இரண்டு மாடி உயரத்துக்கு 20-க்கு 16 அடி ஹால், ஓப்பன் கிச்சன், அட்டாச்சுடு பாத்ரூமோடு நாலு படுக்கையறை. முற்றம் கேட்டால் மழைத்தண்ணி, கொசு, திருட்டு என்று பயமுறுத்துகிறார். வீடு முழுக்க ஆத்தங்குடி டைல்ஸ் போடலாமா? இன்னொன்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. இப்போது ஆளுக்கொரு மூலையில் கிடக்கிறோம். மாமியார் அறையை விட்டே வருவதில்லை. புது வீட்டிலாவது எல்லாரும் சேர்ந்து உட்காரும்படி கட்ட வழி உண்டா?

— ஒரு வாசகி, காரைக்குடி

அன்புள்ள சகோதரிக்கு,

கூச்சப்பட்டுக் கேட்ட கடைசிக் கேள்வியைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். வீடு கட்டுபவர்கள் முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி அதுதான். பெரும்பாலோர் பெயிண்ட் அடிக்கும்போதுகூடக் கேட்பதில்லை.

பிள்ளைகள் கையிலிருந்து போனைப் பிடுங்குவதோ, மாமியாருக்கும் உங்களுக்கும் இடையே பேச்சை உண்டாக்குவதோ கட்டடத்தால் ஆகாது. ஆனால் ஒருவர் வேலை செய்கிற இடத்துக்குப் பக்கத்தில் இன்னொருவர் சும்மா உட்கார ஓர் இடம் இருந்தால், யாரும் கூப்பிடாமலே வந்து உட்காருவார்கள். அந்த இடம் இல்லாவிட்டால் கட்டிலுக்குத்தான் போவார்கள். உங்கள் பிளானில் படுக்க நாலு இடம் இருக்கிறது, டிவி பார்க்க ஓர் இடம் இருக்கிறது. சும்மா உட்கார ஓர் இடமும் இல்லை.

நான் கட்டிக் கொடுத்த வீடுகளுக்கு ஓராண்டு கழித்துப் போகும்போது, அந்த வீட்டின் பிளாஸ்டிக் நாற்காலி எங்கே கிடக்கிறது என்று பார்ப்பேன். சோபா ஹாலில் துணி போர்த்தியபடி இருக்கும். நாற்காலி அடுப்படி வாசலிலோ, பின்பக்கம் துணி துவைக்கிற இடத்திலோ, மாடிப்படிக்கு அடியிலோ கிடக்கும். குடும்பம் உண்மையில் வாழ்கிற இடம் அதுதான். இப்போதிருக்கும் வாடகை வீட்டில் உங்கள் நாற்காலி எங்கே என்று பாருங்கள். காலை ஆறு மணி, பதினோரு மணி, பிள்ளைகள் பள்ளி விட்டு வரும் நாலரை, ராத்திரி ஒன்பது என்று ஒரு வாரம் கவனித்து எழுதி வையுங்கள். அந்தத் தாளை இன்ஜினியரிடம் கொடுத்தால் பாதி பிளான் தானாக மாறும்.

நம் பழைய வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் பர்மாத் தேக்கையும் பெல்ஜியம் கண்ணாடியையும் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறிய பிறகு அந்த ஆசை கூடியிருக்கிறது. புது வீட்டுக்காரர்களும் அதைத்தான் கேட்கிறார்கள்: ரெண்டு தூண், ஒரு நிலைக்கதவு. ஆனால் அந்த வீடுகளின் கணக்கே வேறு. வளவை, அதாவது உள்முற்றக் கட்டைச் சுற்றி, கல்யாணமான ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அறைதான். சின்ன அறை, வெளிச்சமும் குறைவு. சாமான் பூட்டி வைக்கவும் ராத்திரி படுக்கவும் மட்டும் அது. பகல் முழுக்க எல்லாரும் பட்டாலை என்கிற திறந்த கூடத்திலும் முற்றத்து ஓரத்திலும் பின்கட்டான ரெண்டாங்கட்டிலும்தான் இருந்தார்கள். அறை சிறியது, பொது இடம் பெரியது. நாம் இன்று அதைத் தலைகீழாகக் கட்டி, முகப்பில் தூணை நிறுத்தி, செட்டிநாட்டு வீடு என்கிறோம்.

ஆகவே முதல் வேலை, அந்த இரண்டு மாடி உயர ஹாலை எடுத்துவிடுங்கள். அதில் நான் உறுதியாக இருக்கிறேன். பால்காய்ச்சுக்கு வருகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள், அதோடு சரி. பேசினால் எதிரொலிக்கும், ஃபேனை நீளக் குழாயில் தொங்கவிட வேண்டும், ஒட்டடை அடிக்கச் சாரம் கட்ட வேண்டும், சித்திரையில் ஏசி போட்டால் குளிரும் காசும் மேலே போய்விடும். ஹால் 12-க்கு 14 போதும், பத்தரை அடி உயரம் போதும். படுக்கையறைகளிலும் அறைக்கு ரெண்டடி குறையுங்கள். அப்படி மிச்சமாகிற இடத்தையும் பணத்தையும் வைத்துத்தான் இனி நான் சொல்லப்போகிற எல்லாம்.

திண்ணையிலிருந்து ஆரம்பிப்போம். உங்கள் மனை கிழக்குப் பார்த்தது. இதைவிட வசதி வேறில்லை. மதியம் தாண்டியதும் வீட்டின் நிழலே முன்பக்கம் விழும். நாலு மணிக்குத் திண்ணை சூடு ஆறியிருக்கும். காலையில் இளவெயில், மாலையில் நிழல். போர்ட்டிகோவை வீட்டின் முகத்திலிருந்து எடுத்துக் காரைத் தென்பக்க ஓரத்துக்குத் தள்ளுங்கள். முன்பக்கம் முழுவதையும் கார் அடைத்துக்கொண்டால் திண்ணையில் உட்கார்ந்து பம்பரைத்தான் பார்க்க வேண்டும்.

திண்ணை உயரம் 18 அங்குலம். ஒன்றரை அடி என்று சொன்னால் கொத்தனார் தரை வேலை முடியும்போது ரெண்டு அங்குலம் விழுங்கிவிடுவார். ஆகவே தரைக் கல் போட்ட பிறகு 18 என்று எழுதிக் கொடுங்கள். அதைவிடத் தாழ்ந்தால் முட்டிவலிக்காரர்கள் எழுந்திருக்க முடியாது. அகலம் இரண்டரை அடியாவது வேண்டும், மூன்று இருந்தால் காலை மடக்கி உட்காரலாம், ஒருவர் சாய்ந்தும் கொள்ளலாம். முதுகுப் பக்கச் சுவரைக் கொஞ்சம் சரிவாக விடச் சொல்லுங்கள். ஒரு ஃபேன் பாயிண்ட், ஒரு பிளக், செருப்புக்குத் திண்ணைக்கு அடியில் ஒரு பொந்து. காம்பவுண்டுச் சுவர் முன்பக்கம் நாலடிக்கு மேல் வேண்டாம்; ஆறடி எழுப்பினால் திண்ணை ஜெயில் வராந்தா ஆகிவிடும். கிரில் கேட்டை நிலைவாசலில் போடுங்கள், திண்ணைக்கு முன்னால் போடாதீர்கள்.

மாமியார் அறையைத் திண்ணைக்கு உட்பக்கம் ஒட்டி, தெருப்பக்கம் வையுங்கள். பின்னால் அமைதியான மூலையில் வைத்தால் நல்லது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். வயதானவர்கள் அந்த அமைதியைக் கேட்பதில்லை. தயிர்க்காரம்மா போவதும் பள்ளி வேன் வந்து நிற்பதும்தான் அவர்களுக்குப் பொழுது. சாதாரணமாக ஜன்னல் அடிமட்டம் மூன்றடிக்கு வரும். அவர் அறையில் இரண்டடிக்கு இறக்குங்கள், கட்டிலில் உட்கார்ந்தபடியே தெரு தெரியும். பாத்ரூம் கதவு மூன்றடி அகலம், வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே யாராவது விழுந்துவிட்டால் உட்பக்கம் திறக்கிற கதவை உடைக்கத்தான் வேண்டியிருக்கும். கைப்பிடிக் கம்பியை இப்போதே சுவரில் பதித்துவிடுங்கள். இடுப்பு ஒடிந்த பிறகு போடுவதுதான் நம் ஊர் வழக்கம்.

இனி முற்றம். இன்ஜினியர் சொல்கிற மூன்று பயத்தையும் தனித்தனியே பார்க்கலாம்.

தண்ணீர்: 8-க்கு 10 அடி முற்றம் என்று வையுங்கள். ஒரே மழையில் 50 மில்லிமீட்டர் கொட்டினாலும் அந்த 80 சதுரடியில் விழுவது ஏறக்குறைய 370 லிட்டர். 500 லிட்டர் டேங்குகூட நிறையாது. பழைய வீடுகளில் சுற்றியுள்ள ஓட்டுக் கூரை முழுவதும் முற்றத்தில் வடியும், அண்டா அண்டாவாகப் பிடித்தது போக மிச்சம் ஊருணிக்குப் போகும். உங்களுடையது கான்கிரீட் தளம். அந்தத் தண்ணீர் தனிக் குழாயில் இறங்கிவிடும். முற்றத்துத் தரையைச் சுற்றுத் தரையைவிட ஆறங்குலம் தாழ்த்தி, எதிரெதிர் மூலையில் நாலங்குலக் குழாய் ரெண்டு வையுங்கள். ஒன்று போதாதா என்பார். ஒன்றில் இலை அடைத்தால் மற்றது காப்பாற்றும். மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்து இங்கே எல்லா வீட்டுக்கும் கட்டாயம். அந்தக் குழியில்தான் இதையும் கொண்டுபோய் விடப்போகிறீர்கள்.

கொசுவும் திருட்டும்: முற்றத்தின் வாயில் சதுரக் கம்பி கிரில், நாலங்குல இடைவெளியில், பீமோடு சேர்த்துப் பற்றவைத்தது. அதன் மேல் கழற்றி மாட்டுகிற சட்டத்தில் கொசுவலை. மொட்டைமாடியிலிருந்து கை எட்டும்படி இருந்தால்தான் யாராவது கழுவுவார்கள். பிள்ளைகள் அறையை மாடியில் வேறு பக்கம் தள்ளிவிட்டால் இது சிரமமில்லை.

எல்லாரும் செய்கிற ஒரு காரியம் உண்டு. மழைக்குப் பயந்து முற்றத்தின் மேல் பாலிகார்பனேட் ஷீட்டை இறுக்கி மூடிவிடுகிறார்கள். வெயில் உள்ளே வரும், சூடு வெளியே போகாது. பங்குனியில் அந்த முற்றம் அடுப்பு. முற்றத்தின் வேலையே சூடான காற்றை மேலே விட்டு, ராத்திரி வானத்தைப் பார்த்துக் குளிர்வதுதான். ஷீட் போட்டே ஆக வேண்டுமென்றால் கிரில்லுக்கு மேல் ஒன்றரை அடி தூக்கி, நாலு பக்கமும் திறந்து, சுற்றிலும் ரெண்டடி வெளியே நீட்டிப் போடுங்கள்.

எங்கே வைப்பது? நாலு பக்கமும் நடை விட்டு நடுவில் முற்றம் வைக்க உங்கள் மனை போதாது. நடைபாதையே வீட்டைத் தின்றுவிடும். வடபக்கத்தின் நடுவில் வையுங்கள். மூன்று பக்கம் வீடு, நாலாம் பக்கம் சுவர். மனையடி பார்க்கிறவர் நடுவீட்டில் வெற்றிடம் கேட்டால், முற்றத்தைக் கொஞ்சம் உள்ளே இழுத்து, அதன் ஓரத்தில் மாடிப்படியை ஏற்றுங்கள். படிக்கென்று தனி இடம் வேண்டியதில்லை, அவருக்கும் திருப்தி. அடுப்படியைத் தென்கிழக்கான அக்கினி மூலையில்தான் வைக்க வேண்டும் என்றால் கிழக்குத் தெரு மனையில் அது முகப்புக்கு வந்துவிடும். வாயு மூலையும் மரபில் உள்ளதுதான். வடமேற்கில் வைத்தால் அடுப்படி ஜன்னலைத் திறந்ததும் முற்றம், முற்றத்துக்கு அப்பால் ஹால், நேரே பார்த்தால் யார் வருகிறார்கள் என்பதுகூடத் தெரியும்.

முற்றத்தின் தென்புறம் ஆறடி அகலத்துக்கு ஒரு பட்டாலை. அறை என்று பெயர் வைக்காதீர்கள், கதவு போடாதீர்கள், டிவி மாட்டாதீர்கள். முற்றத்தின் விளிம்பு நெடுகத் தரையே உட்காரும் படிபோல இருக்கட்டும். ஆறங்குலத்தில் காலைத் தொங்கவிட முடியாது என்பதால் ஒரு பக்கம் மட்டும் ஒன்றரை அடியில் மேடை கட்டுங்கள். சாப்பாட்டு மேசை இங்கேயே வரட்டும். மேசைக்குப் பக்கத்தில் இரண்டு பிளக், நல்ல வெளிச்சம். வீட்டுப்பாடம் இங்கே நடக்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தனி மேசை வேண்டுமென்றால் மாடியில் படி ஏறியதும் உள்ள வெளியில் ஆறடிப் பலகை ஒன்றை ரெண்டு பேருக்கும் பொதுவாகப் போடுங்கள். படுக்கையறைக்குள் வேண்டாம். போன் சார்ஜ் போடுகிற இடமும் கீழே பட்டாலையில் இருந்தால், ராத்திரி போன் எங்கே தூங்குகிறது என்ற சண்டை கொஞ்சம் குறையும்.

உங்கள் நாலு தூணில் ரெண்டை இந்தப் பட்டாலையின் முற்றத்து விளிம்பிலும், ரெண்டைத் திண்ணையிலும் நிறுத்துங்கள். கான்கிரீட் தளத்தைத் தாங்க அவற்றை நம்பாதீர்கள்; மேலே ஓட்டுச் சாய்ப்பு மட்டும் போதும், அந்தப் பாரத்துக்கு அவை தாராளம். அடியில் கருங்கல் பீடம் கட்டாயம், மரம் தரையைத் தொடக் கூடாது. தொட்டால் ஈரமும் கரையானும் விடாது. ஆசாரியிடம் சொல்லிப் பழைய வார்னிஷை மட்டும் எடுங்கள். இழைத்துப் புதுசாக்கிவிட வேண்டாம். நாற்பது, ஐம்பது வருஷம் ஆட்கள் சாய்ந்து சாய்ந்து வழவழப்பான இடம் ஒன்று தூணில் தோளுயரத்தில் இருக்கும், தடவிப் பாருங்கள். அது இழைப்புளியில் போய்விட்டால் திரும்ப வராது. முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் தூண் வாங்கி வந்து நிறுத்துகிறவர்களுக்கு அது யார் தோளோ. உங்களுக்கு அப்படி இல்லை.

ஓப்பன் கிச்சன் விஷயத்தில் இன்ஜினியரோடு நான் ஒத்துப்போகவில்லை. மிளகாய் வறுத்து, சோம்பும் கசகசாவும் அரைத்து, எண்ணெயில் வதக்குகிற வீட்டில் எந்தச் சிம்னி போட்டாலும் நெடி படுக்கையறை வரை போகும். ஆனால் மூடிய அடுப்படியும் வேண்டாம். சமைக்கிறவரைத் தனியே நிறுத்திவிடும். பட்டாலைப் பக்கம் மேடை உயரத்தில் நாலடி அகல ஜன்னல் வையுங்கள், தள்ளு கதவோடு. தாளிக்கும்போது மூடலாம், மற்ற நேரம் அந்த வழியாகத் தட்டு போகும், பேச்சு வரும். மேடை உயரம் உங்கள் முழங்கையிலிருந்து நாலைந்து அங்குலம் கீழே. நீங்களே நின்று அளந்து சொல்லுங்கள். பெரும்பாலும் 32-லிருந்து 34 அங்குலத்துக்குள் வரும்.

அடுப்படிக்குள் ஓர் உட்காரும் இடம் வேண்டும். சின்ன மேடை, 18 அங்குல உயரம், இரண்டு பேர் அளவு, ஜன்னல் ஓரம். வேண்டாத ஆடம்பரம்போலத் தெரியும். ஆனால் மாமியார் சின்ன வெங்காயம் உரிக்கவும் கீரை ஆயவும் வந்து உட்காரப்போவது அங்கேதான். அறைக்குள் போய் ‘வாங்க அத்தை, பேசிக்கிட்டிருப்போம்’ என்று யாரையும் அழைக்க முடியாது. ‘அத்தை, இந்த வெங்காயத்தைக் கொஞ்சம் உரிச்சுத் தாங்களேன்’ என்று அழைக்கலாம். பிள்ளைகளும் அப்பத்தா இருக்கிற இடத்துக்குத் தின்ன எதையாவது தேடி வருவார்கள்.

பின்பக்கம், மேற்கே, ரெண்டாங்கட்டுக்குப் பதிலாகக் கூரை போட்ட ஒரு வேலைத்தளம்: எட்டடிக்குப் பன்னிரண்டு. தரை கருங்கல் பாவியது, ஒரு குழாய், ஓர் அடுப்புக்கு இணைப்பு, அம்மி ஆட்டுரல் இருந்தால் அவற்றுக்கு ஒரு மூலை. தீபாவளிக்குச் சீப்புச் சீடையும் தேன்குழலும் பிழிய நாலு பேர் தரையில் உட்கார வேண்டும். அடுப்படிக்குள் அது நடக்காது. பின்வெயிலை இந்தக் கூரை வாங்கிக்கொள்வதால் அடுப்படிச் சுவரும் பிழைத்தது. முன்வாசலில் நின்றால் பின்வாசல் தெரிகிற மாதிரி நேர்க்கோட்டில் கதவுகளை வையுங்கள், காற்று தங்காமல் ஓடும். ஆடிக் காற்று மேற்கேயிருந்து புழுதியோடு வரும்; அதற்காகப் பின்கதவில் வலைக்கதவு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெயில் பற்றி ஒரு குறிப்பு, பலருக்குத் தெரியாதது. நம் ஊர் ஏறக்குறைய 10 பாகை வடக்கில் இருக்கிறது. சித்திரை தொடக்கத்தில் நடுப்பகல் சூரியன் நேர் உச்சியில். அக்கினி நட்சத்திரத்தின்போது உச்சியைத் தாண்டி வடக்கே சாய்ந்திருக்கும். வடக்குச் சுவரில் வெயிலே படாது என்று சன்ஷேடை மிச்சம் பிடிக்கிறார்கள், அது தவறு. வடக்கு ஜன்னல்களுக்கும் ரெண்டடி சன்ஷேடு போடுங்கள். மொட்டைமாடியில் வெள்ளை நிறக் குளிர்ச்சி ஓடு பாவுங்கள்.

ஆத்தங்குடிக் கல் வீடு முழுக்க வேண்டாம். ஹால், பட்டாலை, திண்ணை, மாமியார் அறை, இவ்வளவு போதும். அது சூளையில் சுட்ட ஓடு இல்லை. கண்ணாடித் தட்டின் மேல் அச்சு வைத்து, சாயம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் கெட்டியாக்குவது. மேல்முகத்துப் பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வந்தது. ஆகவே ஆசிட் ஊற்றிக் கழுவினால் போச்சு. புளி, எலுமிச்சை சிந்தினாலும் கறை பிடிக்கும். அடுப்படிக்கு ஆகாது, ஈரத்தில் வழுக்கும் என்பதால் குளியலறைக்கும் ஆகாது. முற்றத்துத் தரைக்கு அந்தக் காலத்திலேயே கருங்கல்தான். நடந்து, துடைத்து, அவ்வப்போது தேங்காயெண்ணெய்த் துணியால் ஒற்றி எடுத்தால் வருஷத்துக்கு வருஷம் மெருகேறும். கனம் முக்கால் அங்குலம் வரும், மற்ற அறைகளுக்குப் போடுகிற டைல்ஸ் அதில் பாதி. தரைமட்டத்தை முன்கூட்டியே சொல்லாவிட்டால் ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு தடுக்கல் வந்துவிடும். அதில் முதலில் தடுக்கப்போவது யார் கால் என்று உங்களுக்கே தெரியும்.

முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு ஆசையும் இருக்குமே. தெரிந்த கொத்தனார் கிடைத்தால் பட்டாலையின் ஒரு சுவருக்கு மட்டும் செய்யுங்கள். கிடைக்காவிட்டால் பாதகமில்லை, வெள்ளைச் சுவர் வெள்ளைச் சுவர்தான்.

அடுத்த வாரம் மனைக்குப் போகும்போது சுண்ணாம்புப் பொடியால் பிளானைத் தரையில் கோடு போடச் சொல்லுங்கள். நாலைந்து நாற்காலிகளைக் கொண்டுபோங்கள். மாமியாரையும் கூட்டிப் போய், திண்ணை வரும் இடத்தில் ஒன்று, அடுப்படி ஜன்னலோரம் ஒன்று என்று போட்டு மாலை ஐந்து மணிக்கு உட்கார்ந்து பாருங்கள். வெயில் எங்கே அடிக்கிறது, எதிர்வீட்டு வாசல் நேரே பார்க்கிறதா என்பதெல்லாம் தாளில் தெரியாது. அவர் எந்த இடத்தில் எழுந்திருக்க மறுக்கிறாரோ, அங்கே ஒரு ஃபேன் பாயிண்ட் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஊஞ்சல். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வீடு முடிந்ததும் பிள்ளைகள் கேட்பார்கள். ஹாலிலிருந்து பட்டாலைக்குப் போகிற வழியில், முன்னும் பின்னும் மூன்றடி வெற்றிடம் விட்டு இடம் பாருங்கள். கொக்கிகளைத் தளத்தில் பின்னால் துளைத்து மாட்டக் கூடாது. கான்கிரீட் போடும் முன்பே பீமின் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும். கான்கிரீட் நாளன்று மிக்சர் சத்தத்தில் எல்லாரும் மறந்துவிடுவார்கள். முதல் நாள் சாயங்காலமே நீங்கள் ஒரு தடவை மேலே ஏறி, கொக்கி கட்டியாயிற்றா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.